மூன்றாவது மாடிக்கு எத்தனை ஜூல்

சாயங்காலம் நாலு இருபதுக்குச் சுமைக்காரர்கள் இருவரும் மாடிப்படி அருகே வந்து நின்றார்கள். இயற்பியல் வாத்தியார் ஒரு பழைய உறையின் பின்புறம் கணக்குப் போட்டார்.

"அறுபத்திரண்டு கிலோ. மூணாவது மாடி, ஒன்பது மீட்டர். புவியீர்ப்புக்குப் பத்து. மொத்தம் ஐயாயிரத்து ஐந்நூற்று எண்பது ஜூல் வேலை."

"நடுவுல இறக்கி வச்சு மூச்சு வாங்கிக்கிட்டா குறையுமா சார்?" என்றார் மூத்த சுமைக்காரர்.

"குறையாது. எடையும் உயரமும் மாறலையே."

"மெதுவா ஏறினா?" என்று கேட்டாள் வாத்தியாரின் மனைவி.

"அப்பவும் அதே வேலைதான். நேரம்தான் கூடும்."

"கூடினா கூடட்டும். அவங்களை அனுப்பிடுங்க. என் வீட்டுக்கு நானே ஏறிப் போறேன்."

சக்கர நாற்காலியிலிருந்து அவள் எழுந்தாள். நான்கு மாதம் முன்பு, இடுப்பெலும்பு முறிந்தவளைக் கீழே தூக்கி வந்த அதே இருவர் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, ஏறினாள். அவளைத் தொடாமல், இரு கைகளையும் விரித்தபடி வாத்தியார் பின்னாலேயே வந்தார்.

நாற்பது நிமிடம் கழித்து வீட்டு வாசலில் நின்று திரும்பினாள். அவருடைய சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"என்னை மேல ஏத்தின அத்தனை ஜூலும் என்னோடது. இவ்வளவு வேர்த்திருக்கே, இதுல உங்க பங்கு எத்தனை, வாத்தியாரே?"