முன் சீட்டு

பென்சில்வேனியா எல்லையைத் தாண்டிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் தொங்கிய தடித்த திரையை ஜெபதாஸ் சர்ரென்று இழுத்து மூடிவிட்டான். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

“பாத்தீங்களா?” என்று யூனிஸ் கணவனிடம் பல்லைக் கடித்தாள். “எஞ்சின் ஹீட்டர் காத்து நம்ம பக்கம் கொஞ்சம்கூட வந்துடக் கூடாதாம். மகராசன் தனியா குளிர் காயப் போறாரு.”

லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு தடவை தோற்ற தேவநேசன், ஓட்டுகிறவனைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்?

அவள் மடியில் ஏழு மாதப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. போன மாதம்தான் நிமோனியா வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளை. குளிர் பட்டால் மறுபடி வரும் என்று டாக்டர் திட்டவட்டமாகச் சொல்லியிருந்தார்.

ஆனாலும் போயாக வேண்டும். கிளீவ்லேண்டில் அண்ணன் வீட்டில் அப்பா படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். நாற்பது வருஷம் ஊரெல்லாம் ஞானஸ்நானம் கொடுத்த போதகர், சொந்தப் பேத்திக்குத் தன் கையால் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்கிறார். நேற்று அண்ணன் போனில் அழுதபோதே நாள் அதிகமில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஏழெட்டு மணி நேரம் பிள்ளையைக் காரில் உட்காரவைத்துக் கொண்டுபோக முடியாது என்றதும், சபையில் பழக்கமான ஜெபதாஸ்தான் தன் மேலாளரின் மோட்டார் ஹோமை இரவல் வாங்கி வந்தான். சின்ன வீட்டைச் சக்கரத்தில் தூக்கி வைத்தது போன்ற வண்டி. பின்னால் கட்டில், அடுப்பு, கேஸில் எரியும் சின்ன ஹீட்டர்.

“ஏதாவது கோளாறு இருந்தா இப்பவே சொல்லிடு தம்பி. பாதி வழின்னாலும் சரி, நான் பிள்ளையைத் தூக்கிட்டுத் திரும்பிடுவேன்” என்று ஜெர்சி சிட்டியில் ஏறும்போதே யூனிஸ் கறாராகச் சொல்லியிருந்தாள்.

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா. தாத்தா கையில பிள்ளையைக் குடுத்துட்டுத்தான் மறுவேலை” என்றான் அவன்.

பேச்சுக்கு என்ன குறைச்சல்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் நேரே இவர்கள் வீட்டுக்கு வந்து, ஆட்டுக்கறிச் சட்டி காலியாகும்வரை அசையாத ஆசாமி. மிச்சத்தைத் தயிர் டப்பாவில் போட்டுக்கொண்டு போவான். இதுவரை ஒரு டப்பா திரும்பி வந்ததில்லை. இந்த மாதிரி ஆளிடம் போய் உதவி கேட்க வேண்டி வந்ததே என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல்.

பத்து மணிக்கு பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றித் திரையருகே நீட்டினாள். இடுக்கு வழியே கையுறை போட்ட கை மட்டும் வந்து கப்பை வாங்கிக்கொண்டது.

“கையுறையைக் கழட்டக்கூட துரைக்கு வலிக்குது” என்று வந்து உட்கார்ந்தாள்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் கேஸ் ஹீட்டரின் சூடு அவளுக்குப் போதவில்லை என்று தோன்றியது. குழந்தையின் மூக்கு நுனியைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. இருந்தாலும் தாய் மனசு கேட்கவில்லை.

“தம்பி, பிள்ளையோட நான் முன் சீட்டுக்கு வந்துடட்டா? அங்கதானே நல்லா சூடு இருக்கும்?”

“வேண்டாம்க்கா. இங்க எடம் இல்ல.”

காலி சீட்டு! அதில் அவன் சாமான் என்று ஒரு பையாவது உண்டா? யூனிஸுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சோறு போட்டதற்கு நல்ல மரியாதை.

மத்தியானம் பெட்ரோல் போட நிறுத்தியவன், “யாரும் இறங்காதீங்க, கதவைத் திறந்தா உள்ள குளிர் வந்துடும்” என்று வெளியிலிருந்தே கத்திவிட்டுக் கடைக்குள் ஓடினான். இருபது நிமிடமாகியும் ஆளைக் காணோம். ஜன்னல் வழியே பார்த்தால், பேப்பர் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கல்லாக்காரரோடு அரட்டை.

“அங்க எங்கப்பா மூச்சு இழுத்துக்கிட்டு இருக்காரு. இவனுக்கு இங்க வெட்டிப் பேச்சு” என்று யூனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அல்பம். இனி இவன் நம்ம வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

“சரி, விடு. ஊர் போய்ச் சேரட்டும்” என்றார் தேவநேசன்.

கிளீவ்லேண்டுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கும். குழந்தை லேசாக இரண்டு முறை இருமியது. அவ்வளவுதான், யூனிஸின் பொறுமை போய்விட்டது. பிள்ளையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

“யூனிஸ், வண்டி ஓடிக்கிட்டிருக்கு. சண்டை வேண்டாம்.”

“நீங்க சும்மா இருங்க. நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கலைன்னா என் மனசு ஆறாது.”

திரையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். முகத்தில் பனிக்காற்று ஓங்கி அறைந்தது.

முன்பக்கத்து இரண்டு ஜன்னல்களும் பாதி திறந்து கிடந்தன. ஹீட்டர் துவாரத்தில் கையை வைத்தாள். அது செத்துப் பல மணி நேரம் ஆகியிருந்தது. கண்ணாடியை மறைக்கும் மூச்சுப் பனி வெளியேற, அவன் ஜன்னல்களை இறக்கிவிட்டு இத்தனை தூரம் ஓட்டி வந்திருக்கிறான். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன.

சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே ஜெபதாஸ் பதறினான்.

“திரையை மூடுங்கக்கா... பிள்ளைக்குக் குளிரும்!”