ஐந்தாவது எலுமிச்சம்பழம்

மலையேற்றப் போட்டியின் கடைசி வளைவில் பழைய ஜீப்பின் முன்டயர் வெடித்தது. பின்னால் தொங்கிய ஸ்டெப்னியை வேதவல்லி கழற்றினாள்.

"கம்பெனியில மாட்டினது. இதுவரை தரை தொட்டதில்ல. மதிப்பே போயிடும்டி," என்று கணவர் தணிகாசலம் குறுக்கே நின்றார்.

பூஜை போடும்போதெல்லாம் நான்கு சக்கரங்களும் எலுமிச்சம்பழம் நசுக்கும். ஸ்டெப்னியில் கட்டிய ஐந்தாவது பழம் முழுசாகவே காய்ந்துபோகும்.

"பொட்டு வச்சே உக்கார வச்சிட்டீங்க. தள்ளுங்க." மாட்டி முடித்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

கீழே அடுத்த வண்டியின் ஹாரன் கேட்டது. காலையில் கட்டிய பழத்தைத் தணிகாசலம் எடுத்து, அந்த டயருக்கு முன்னால் குனிந்து வைத்தார். "ம், எடு."

பழம் நசுங்கியது.

உச்சிக்கொடியை முதலாவதாகத் தாண்டிய பிறகுதான் அவரை ஏற்றிக்கொள்ளாதது அவளுக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஹாரன் அலற, ஈரமண்ணில் பதிந்த புதுத்தடத்தை யாரும் மிதிக்காதபடி, பாதை நடுவே நிதானமாக ஏறி வந்துகொண்டிருந்தார்.