மருதாணிக் கை

"அந்த பிரஸ்ஸை நிறுத்துங்க சார்." அதை மட்டும் கேட்காதே என்று கூட வேலை செய்பவர்கள் சொல்லியிருந்தார்கள். கேட்டுவிட்டேன்.

மேனேஜர் சிரித்தார். "டிகிரி முடிச்ச திமிரா? மொதல்ல தோளைச் சரிபண்ணிட்டு வாம்மா."

தோள் போனதே தகடு அழுத்தும் அந்த பிரஸ்ஸில்தான். கை உள்ளே மாட்டாமலிருக்க இரண்டு கையாலும் அழுத்தவேண்டிய பட்டன்களில் ஒன்றைத் துணியால் கட்டிவிட்டு ஓட்டினால்தான் டார்கெட் வரும். எனக்கு முன்னால் அதில் நின்ற காளியம்மாளுக்கு, மருதாணி வைத்த வலது கையே போய்விட்டது.

கம்பெனி கிளினிக்கில், தோளுக்குப் பயிற்சி கொடுக்கும் சரிதா அக்கா விஆர் கண்ணாடியை மாட்டிவிட்டார். உள்ளே மாந்தோப்பு. பழம் பறிப்பதுதான் பயிற்சி. என் கை பாதியில் நின்றது. மருதாணி வைத்த இன்னொரு கை பழத்தைப் பறித்து என் உள்ளங்கையில் வைத்தது.

"அக்கா, இதுல எத்தனை கை தெரியும்?"

"உன் ரெண்டு கைதான்டி."

அந்தக் கை என் விரல்களைக் கோத்துக்கொண்டது. கண்ணாடியைக் கழற்றினேன். பிடி விடவில்லை.

அதைப் பிடித்தபடியே, தொழிற்சாலை ஆய்வாளரிடம் புகார் கொடுக்க, கிருஷ்ணகிரி பஸ்ஸுக்கு நடந்தேன்.