ஒரு போத்தல் பெற்றோல்

"அண்ணே, லோஜினிக்குப் பிரசவ வலி வந்துருச்சு. கண்டி ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவ எடுங்க!" பதறினான் பக்கத்து வீட்டுப் புஷ்பராஜ்.

"பெற்றோல் ஒரு சொட்டு இல்ல தம்பி. ஒலகத்துலயே முடியப்போகுதுன்னு பேசிக்கிறாங்க," என்றான் ஓட்டோக்காரன் சிவனேசன்.

புஷ்பராஜ் ஓடினான். தோட்டத்துக் குடியிருப்புகளில் லயம் லயமாக ஏறி, மோட்டர் சைக்கிள் வைத்திருப்பவர்களிடம் கெஞ்சி, ஒரு போத்தலை நிரப்பிக்கொண்டு திரும்புவதற்குள் மனைவி லோஜினி துவண்டுபோயிருந்தாள்.

"ஆளுக்குக் கொஞ்சம் குடுத்தாங்கண்ணே. மிச்சத்த நீங்களே வச்சுக்கங்க."

சிவனேசன் தடுப்பதற்குள் புஷ்பராஜ் டாங்கி மூடியைத் திறந்து ஊற்றினான். பெற்றோல் உள்ளே இறங்கவில்லை. விளிம்பு வரை நிறைந்திருந்த டாங்கியிலிருந்து வழிந்து அவன் கால்களை நனைத்தது.

புஷ்பராஜ் நிமிர்ந்து பார்த்தான். பிறகு மனைவியைத் தூக்கி ஓட்டோவில் உட்கார வைத்தான்.

"போங்கண்ணே."

ஹேவாஹெட்டயிலிருந்து கண்டி வரை, அவன் ரெண்டு வார்த்தை ஏசியிருக்கலாமே என்றிருந்தது சிவனேசனுக்கு.