பச்சை டிக்

தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, எதை எழுதி அனுப்பினாலும் புகார் பதிவாகிவிட்டதென்று நகராட்சியின் புகார் இணையதளம் பச்சை டிக் காட்டும். டேட்டாபேஸில் அது ஏறியதா என்று தளத்தின் புரோகிராம் கோட் ஒருநாளும் கேட்டதில்லை. புரோகிராமர் ஜெசிந்தா அதைக் கேட்க வைத்தாள். ஏறாத புகாருக்கெல்லாம் "பதிவாகவில்லை" என்று சிவப்பில் வந்தது.

மேனேஜர் தணிகாசலம் கொதித்தார். "சிவப்பப் பாத்தா ஜனங்க கத்துவாங்கம்மா. எடுத்துடு."

"கத்தட்டும் சார். எடுக்க மாட்டேன்."

"உன் மேலயே புகார் போடுறேன் பாரு!"

ஊழியர்களுக்கான புகார்ப் பக்கத்தைத் திறந்து, ஆத்திரம் தீரத் தட்டி அனுப்பிவிட்டு, திரையை அவள் பக்கம் திருப்பினார். பச்சை டிக்.

ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள்.

"இந்தப் பக்கத்துல நான் இன்னும் கை வைக்கலையே சார்."