சிடுமூஞ்சி

“இந்த ஓட்டை பிரவுசரைத் தூக்கிப் போடுங்கன்னு எத்தனை தடவை கத்துறது?”

கணினிப் பிரிவுக்காரர் தலையைச் சொறிந்தார். “நம்ம ஆபீஸ் சாஃப்ட்வேர் இதுல மட்டும்தான் திறக்குது, மேடம்.”

“திருடனுக்கும் இதுலதான் திறக்கும்!”

அவர் அதை அழித்துவிட்டு, அதையே மறுபடி புதிதாக நிறுவிக் கொடுத்துப் போனார். ஆபீஸ் சாஃப்ட்வேரைத் திறந்ததும் முதல் பாதுகாப்புக் கேள்வி வந்தது: ‘உங்கள் செல்லப்பெயர்?’

நான் விசையைத் தொடவே இல்லை. கட்டத்தில் ‘சிடுமூஞ்சி’ என்று விழுந்தது. அக்கா மட்டுமே என்னை அப்படிக் கூப்பிடுவாள். என்னோடு பேசுவதை நிறுத்தி, பேசாமலே செத்தும்போனவள்.

ஆத்திரத்தோடு அழித்தேன். ஒவ்வொரு எழுத்தாக வந்தது: ‘இன்னுமா கோபம்?’

“இப்பத்தான் வாய் வந்துச்சா உனக்கு?” என்று திரையைப் பார்த்துக் கத்தினேன்.

கட்டம் காலியானது. அதன்பின் எவ்வளவு திட்டியும் அவள் பேசவில்லை.