பசிக்கு ஒரு பொட்டலம்

குரலை வைத்துத்தான் ரோசம்மா அவனை அடையாளம் கண்டாள்.

தேக்கா சந்தைக்குப் பின்னால், அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், ஒரு தூணோரமாக நின்றிருந்தான். அவனேதான். ‘பசிக்கு ஒரு பொட்டலம்’ கபிலன்.

அவன் வீடியோவை அவள் ஒரு வாரம் விட்டதில்லை. தனியாய் உட்கார்ந்திருக்கும் வயதான ஒருத்தியைத் தேடிப் போவான். கையில் பிரியாணிப் பொட்டலத்தைக் கொடுத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பான். பார்க்கும்போதே ரோசம்மாவுக்குக் கண் நிறைந்துவிடும்.

உடனே கோயில் மாதர் குழுவுக்கு அனுப்புவாள். ‘இந்தக் காலத்திலும் இப்படி ஒரு பிள்ளை’ என்று ஒரு வரியும் சேர்த்து.

மகன் வேய்னுக்கும் அனுப்புவாள். அவன் மெல்பர்னிலிருந்து ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்புவான். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, ஈசூனில் வீட்டுக்கு ரயில் ஏறும் முன் கீரையும் மீனும் வாங்க வந்தவள், புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். ‘நல்லா இருப்பா’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்ன?

நெருங்கியதும் கால் நின்றுவிட்டது.

அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் விரித்து, அதன்மேல் ஓர் அம்மாளை உட்கார வைத்திருந்தார்கள். தலை முழுக்க நரை. வெளிறிப்போன நூல் புடவை. எதிரே ஒரு கூட்டாளி கைப்பேசியைத் தாழப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான்.

“பாட்டி, இவ்ளோ வேகமா வாங்கக்கூடாது லா. பசியில இருக்கிறவங்களுக்குக் கை நடுங்கும். திரும்ப ஒரு தடவை.”

பிரித்த பொட்டலத்தைக் கபிலன் வாங்கினான். அந்த அம்மாள் கடித்திருந்த கோழித்துண்டை விரல் நுனியால் சோற்றுக்குள் அழுத்திப் புதைத்தான். தாளை மடித்தான். ரப்பர் பேண்ட் போட்டான். புதுப் பொட்டலம் ஆகிவிட்டது.

பிறகு கால்சட்டைப் பையிலிருந்து சின்னப் போத்தலை எடுத்து, கையில் கிருமிநாசினியைப் பிதுக்கி விரல்விரலாகத் தேய்த்துக்கொண்டான்.

ஆறிப்போன நெய் வாடையோடு அந்த மருந்து நெடியும் சேர்ந்து வந்தது.

மறுபடி கொடுத்தான். அந்த அம்மாள் கையை நடுக்கி வாங்கினாள். பிரித்தாள். ஒரு வாய் அள்ளினாள். சோறு கொஞ்சம் மடியில் சிந்தியது. தட்டிவிடப் போனாள்.

“தட்டாதீங்க! அது நல்லாருக்கு. அதையும் பொறுக்கிச் சாப்பிடுங்க.”

அவள் பொறுக்கினாள். புடவை மடிப்பில் ஒட்டியிருந்த பருக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டாள்.

“சூப்பர். டேய், கையை மட்டும் க்ளோஸப்ல எடு.”

நடந்து போகிறவர்கள் இரண்டு பேர் நின்றார்கள். பார்த்தார்கள். அவர்களும் கைப்பேசியைத் தூக்கினார்கள்.

தூ என்று துப்ப வேண்டும்போல் இருந்தது ரோசம்மாவுக்கு. அவன்மேல் மட்டும் இல்லை, தன்மேலும்தான். எத்தனை வீடியோ, எத்தனை பேருக்கு அனுப்பினாள்! எச்சில் இலையை ஊருக்கெல்லாம் தன் கையாலேயே பரிமாறியதுபோல் கூசியது.

“இன்னும் ஒரே ஒரு தடவை, பாட்டி. இந்த முறை என் கையைப் பிடிச்சுக்கிட்டு…”

“போதும் நிறுத்து!”

தன் குரல் இவ்வளவு பெரிதாக வரும் என்று ரோசம்மாவே நினைக்கவில்லை. கூட்டாளியையும் கைப்பேசியையும் தாண்டி நேரே நடுவில் போய் நின்றாள்.

“வெட்கமா இல்ல உனக்கு? உன்னைப் பெத்தவளா இருந்தா இப்படித் தரையில உக்கார வெச்சு, மடியில சிந்தினதைப் பொறுக்க வெச்சுப் படம் எடுப்பியா?”

கபிலன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கூட்டாளி தலையைத் தாழ்த்திக்கொண்டான்.

ரோசம்மா அந்த அம்மாளிடம் கையை நீட்டினாள்.

“எழுந்திரிங்கம்மா. வாங்க, கடையில உக்காந்து மரியாதையா சாப்பிடலாம். நான் வாங்கித் தர்றேன்.”

அந்த அம்மாள் கையைப் பிடிக்கவில்லை. பொட்டலத்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“சத்தம் போடாதீங்கக்கா,” என்றாள். “கோவிச்சுக்கிட்டுப் போயிடுவான்.”

“போகட்டுமே! இவன் யாரு உங்களுக்கு?”

“என் பிள்ளைதான்.”

ரோசம்மாவின் கை நீட்டியபடியே நின்றது.

“வாராவாரம் நான்தான் உக்கார்றது. பொடவையை மாத்திக்குவேன். மூஞ்சி தெரியாம அவன் மறைச்சுடுவான்.” அந்த அம்மாள் கபிலன் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “கல்யாணமாகித் தனியாப் போனதிலருந்து வீட்டுப் பக்கமே எட்டிப் பாக்கறதில்ல, அக்கா. இதுக்குத்தான் வர்றான். பக்கத்துல உக்காந்து, சாப்டீங்களான்னு கேக்குறான்.”

வாய்வரை வந்த வசவுகளையெல்லாம் ரோசம்மா யார்மேல் கொட்டுவாள்?

அந்த அம்மாள் பொட்டலத்தைத் தானே மடித்து, ரப்பர் பேண்டைத் தானே மாட்டி, மகனிடம் நீட்டினாள்.

பிறகு ரோசம்மாவை நிமிர்ந்து பார்த்துச் சின்னதாகக் கையசைத்தாள்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா. நீங்களும் படத்துல விழுறீங்க.”

ரோசம்மா தள்ளி நின்றாள்.